இறால் உள்ளே, பட்டர் ஃப்ரூட் வெளியே: ஏர் ஃப்ரையரில் ஒரு லேசான மதியச் சாப்பாடு

முதல் தடவை இதைச் செய்தபோது பழத்தையும் ஏர் ஃப்ரையர் கூடைக்குள்ளேயே வைத்துவிட்டேன். பட்டர் ஃப்ரூட்டை (அவகாடோ) பாதியாக வெட்டி, கொட்டை இருந்த குழியில் மசாலா தடவிய இறாலை நிரப்பி, 200 டிகிரியில் பத்து நிமிடம். வெளியே எடுத்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. வாயில் வைத்தால் பழம் கசந்தது, மேலே இருந்த இறால் ரப்பர், குழிக்குள் அடியில் இருந்த இறால் பச்சை. அத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "பழத்த ஏம்மா சூட்டுல வச்ச? அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. பட்டர் ஃப்ரூட்டை அதிக நேரம் சூடாக்கினால் கசப்பு ஏறும். இறாலோ ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும், அதற்கு மேல் ஒரு நிமிடம் போனாலும் கெட்டியாகிவிடும். இரண்டையும் ஒரே கூடையில் அடைத்தால் இரண்டுமே கெடும். அதற்கப்புறம் பல ஞாயிற்றுக்கிழமைகள் செய்து பார்த்து வந்து சேர்ந்த முறை இது: இறாலுக்கு மட்டும் சூடு. பழம் ஃப்ரிட்ஜிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும். சூடான இறாலும் சில்லென்ற பழமும் சாப்பிட உட்காருவதற்கு ஒரு நிமிடம் முன்னால் சந்தித்தால் போதும்.

இரண்டு பேருக்கு வேண்டியவை

இறால்: தலை, ஓட்டோடு 600 கிராம் (சுத்தம் செய்தால் சுமார் 300 கிராம் தேறும்)
பட்டர் ஃப்ரூட்: நன்றாகப் பழுத்தது, பெரிதாக 1
சின்ன வெங்காயம்: 6
எலுமிச்சை: 1
வெள்ளரிப் பிஞ்சு: 1
பச்சை மிளகாய்: 1
கொத்தமல்லித் தழை: ஒரு கைப்பிடி
வறுத்த வேர்க்கடலை: 2 மேசைக்கரண்டி, ஒன்றிரண்டாகப் பொடித்தது

இறாலில் தடவ: கடலை எண்ணெய் 2 தேக்கரண்டி, காஷ்மீரி மிளகாய்த்தூள் முக்கால் தேக்கரண்டி, இடித்த மிளகு அரைத் தேக்கரண்டி, சீரகத்தூள் கால் தேக்கரண்டி, துருவிய பூண்டு 2 பல், உப்பு அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை ஒரு கொத்து.

மயோனைஸ், சீஸ் எதுவும் இல்லை. பழத்திலேயே கொழுப்பு இருக்கிறது, 100 கிராமுக்குச் சுமார் 15 கிராம். அதன் மேல் இன்னொரு கொழுப்பு எதற்கு? கணக்குப் போட்டால் ஒரு ஆளுக்கு 350 கலோரி பக்கம் வரும். அதில் பாதிக்கு மேல் பழமும் எண்ணெயும்தான். ஆக இது கலோரி இல்லாத சாப்பாடு என்று சொல்ல மாட்டேன். சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கண் சொக்காது, அந்த அர்த்தத்தில்தான் லேசான சாப்பாடு என்கிறேன்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இறால், நண்டு வகைகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறைய பேர் உண்டு. விருந்தாளிக்குச் செய்வதாக இருந்தால் முதலில் கேட்டுவிடுங்கள். ரப்பர் கையுறை, பலூன் பட்டாலே தோல் தடிப்பவர்களில் சிலருக்குப் பட்டர் ஃப்ரூட்டும் ஒத்துக்கொள்ளாது.

பழம்: நாலு நாள் முன்னால் யோசிக்க வேண்டிய விஷயம்

கடைகளில் அவகாடோ என்று எழுதி வைத்திருப்பார்கள். கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் போனால் பட்டர் ஃப்ரூட். இலங்கைத் தமிழில் ஆனைக்கொய்யா, புத்தகத் தமிழில் வெண்ணெய்ப்பழம். பெயர் எதுவானாலும் நம் ஊரில் அதற்கு ஒரே விதிதான்: சர்க்கரையும் பாலும் சேர்த்து மிக்ஸியில் அடிப்பது. அதனாலேயே உப்பு, மிளகாயோடு இதைச் சாப்பிடலாம் என்றால் வீட்டில் புருவம் உயரும். இது பிறந்த ஊரான மெக்சிகோவில் உப்பு, மிளகாய், வெங்காயத்தோடுதான் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள். பெரிதாகப் பலன் இருக்காது, ஆனாலும் சொல்லலாம்.

சந்தையில் இரண்டு ரகம் பார்க்கலாம். நம் மலைப்பழம் பெரியது, தோல் மெல்லியது, பச்சையாக வழவழவென்று இருக்கும், சதையில் நீர் கொஞ்சம் அதிகம். சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டிக்கர் ஒட்டி வரும் ஹாஸ் ரகம் சின்னது, தோல் கரடுமுரடு, பழுத்தால் கிட்டத்தட்டக் கறுப்பு. சதை கெட்டியாக, வெண்ணெய் மாதிரி இருக்கும். இந்தச் சாப்பாட்டுக்கு ஹாஸ் அழகாகத் துண்டு போட வரும் என்பது உண்மை. ஆனால் ஆடி, ஆவணியில் மலைப்பழம் குவியும்போது நான் அதைத்தான் வாங்குவேன். நீர்ச்சத்து அதிகமான பழம் காரத்துக்கு இதமாக இருக்கும். துண்டு கொஞ்சம் குழைந்தால் என்ன போயிற்று?

இந்தப் பழம் மரத்தில் பழுக்காது. முற்றியதைப் பறித்த பிறகுதான் பழுக்கத் தொடங்கும். அதனால் கடையில் கல்லாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வாங்கி வந்து அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்துவிடுங்கள். கூடவே ஒரு வாழைப்பழம் வைத்தால் இன்னும் சீக்கிரம் ஆகும். வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயுதான் காரணம், மாம்பழத்துக்குப் பாட்டி செய்த அதே வேலை. மூன்று முதல் ஐந்து நாள் பிடிக்கும்.

பதம் பார்க்க விரலால் அமுக்காதீர்கள். அமுக்கிய இடம் உள்ளே கறுத்துப் போகும், கடைக்காரருக்கும் கோபம் வரும். பழத்தை உள்ளங்கையில் வைத்து மொத்தமாக மெல்லப் பிடித்துப் பாருங்கள். லேசாக இடம் கொடுத்தால் பதம். மலைப்பழத்தில் இன்னொரு அடையாளம் உண்டு, காதருகே வைத்துக் குலுக்கினால் கொட்டை ஆடும் சத்தம் கேட்கும். பதம் வந்ததும் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டால் இரண்டு மூன்று நாள் அப்படியே நிற்கும். சமைக்கிற அன்று காலையில் பார்த்தால் பழம் கல்லாகவே இருக்கிறதா? இறாலைத் தொக்கு வையுங்கள், இந்தக் குறிப்பை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காயாக இருக்கும் பட்டர் ஃப்ரூட்டை எந்த வித்தையாலும் அன்றைக்கே பழமாக்க முடியாது. மைக்ரோவேவில் வைத்தால் மெத்தென்று ஆகும், சுவை வராது.

இறால்: கவுண்ட் கேட்டு வாங்குங்கள்

மீன் மார்க்கெட்டில் இறாலைக் கவுண்ட் கணக்கில் சொல்வார்கள். கிலோவுக்கு 30 நிற்கும் என்றால் 30 கவுண்ட். எண் குறையக் குறைய இறால் பெரிது, விலையும் ஏறும். ஏர் ஃப்ரையருக்கு 30 முதல் 40 கவுண்ட் சரியான அளவு. 80 கவுண்ட் பொடி இறால் மேலே நிறம் பிடிப்பதற்குள் உள்ளே வற்றிவிடும். அதை வாழைக்காயோடு பொரியல் செய்வதே மரியாதை.

இப்போது மார்க்கெட்டில் அதிகம் கிடைப்பது வனாமி, பண்ணையில் வளர்ப்பது. இந்தியாவில் 2009க்குப் பிறகுதான் இது வணிக ரீதியாக வந்தது. அதற்கு முன் பண்ணை இறால் என்றால் டைகர் இறால்தான். வனாமிக்குச் சொந்த ஊர் மெக்சிகோவிலிருந்து பெரு வரையிலான பசிபிக் கரை. பழமும் மிளகாயும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். ஆக, நாம் இரண்டு கண்டம் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்துவைக்கும் மூன்றும் ஏற்கெனவே அக்கம்பக்கத்துக்காரர்கள்தான்!

கடல் இறால் கிடைத்தால் சுவை ஒரு படி மேல், சந்தேகமே இல்லை. ஆனால் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த நாட்களில் "இன்னிக்குக் காலைல வந்த கடல் இறால்க்கா" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசித்து வாங்குங்கள். நாட்டுப்படகு இறாலாக இருக்கலாம். ஐஸில் பல நாள் கிடந்ததாகவும் இருக்கலாம்.

தலை உடம்போடு இறுக்கமாக இருக்கிறதா, கடல் வாசனை மட்டும் வருகிறதா, இதைத்தான் பார்க்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் வேண்டாம். தலைப்பக்கத்திலும் ஓட்டின் மடிப்பிலும் கறுப்பு ஏறியிருந்தால் பிடித்து நேரமாகிவிட்டது என்று அர்த்தம். வெட்டி வைத்த பட்டர் ஃப்ரூட் கறுப்பதும் இதே வகை நொதியின் வேலைதான். இங்கே ஐஸ் தாமதப்படுத்துகிறது, அங்கே எலுமிச்சைச் சாறு தாமதப்படுத்துகிறது.

உறைந்த இறால் வாங்குபவர்கள் பாக்கெட்டில் ஐஸ் நீங்கலான எடை என்ன என்று பாருங்கள். முதல்நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவது நல்லது. மறந்துவிட்டால் பாக்கெட்டோடு குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் போடுங்கள். வெந்நீரில் போட்டால் ஓரம் வெந்து நடு உறைந்தே கிடக்கும்.

சுத்தம் செய்வது எல்லோருக்கும் தெரிந்த வேலை. தலையைத் திருகி எடுத்து, ஓட்டை உரித்து, வால் நுனியை மட்டும் விட்டுவிடுங்கள், பிடித்துச் சாப்பிட வசதி. முதுகில் சின்னக் கத்தியால் ஆழமில்லாமல் ஒரு கீறல் போட்டால் கறுப்புக் குடல் தெரியும். கத்தி முனையால் நெம்பி இழுத்தால் முழு நூலாக வந்துவிடும். ஆழமாகக் கீறினால் வேகும்போது விரிந்து சீக்கிரம் வற்றும். தலைகளைத் தூக்கிப் போடாதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது.

மஞ்சள்தூள் போட்டுக் கழுவுவது நம் வழக்கம். கழுவுங்கள், ஆனால் மஞ்சளை நன்றாக அலசிவிடுங்கள். பழத்தின் பச்சையோடு மஞ்சள் சேர்ந்தால் தட்டு பார்க்கச் சோகையாக இருக்கும்.

ஈரம்

இந்தச் சமையலில் ஜெயிப்பதும் தோற்பதும் இந்த இடத்தில்தான். ஏர் ஃப்ரையர் என்று பெயர் இருந்தாலும் அது பொரிப்பதில்லை. மேலே ஒரு சூட்டுக் கம்பிச் சுருள், அதன் மேல் ஒரு விசிறி. அவ்வளவுதான். சூடான காற்றைச் சின்ன இடத்துக்குள் வேகமாகச் சுழற்றும் குட்டி ஓவன் அது. 2010ல் ஃபிலிப்ஸ் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது வைத்த பெயர் எல்லா இயந்திரத்துக்கும் ஒட்டிக்கொண்டது. எண்ணெய்ச் சட்டியில் போட்டால் ஈரம் சடசடவென்று வெடித்து வெளியேறும். இங்கே அந்த வேகம் கிடையாது. இறாலின் மேல் தண்ணீர் இருந்தால் முதல் மூன்று நிமிடம் அந்தத் தண்ணீரைக் காய்ச்சுவதிலேயே போய்விடும். இறால் அதற்குள் ஆவியில் வெந்து, வெளுத்து, அழுது வடிந்துகொண்டு நிற்கும்.

எனவே கழுவிய இறாலை வடிதட்டில் ஐந்து நிமிடம் வடிய விட்டு, பழைய பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி எடுங்கள். துணி நனைந்தால் காய்ந்த பக்கத்துக்கு மாற்றி மறுபடியும். தொட்டால் விரலில் ஈரம் ஒட்டாமல், ஸ்டாம்ப் பசை மாதிரி லேசாகப் பிசுபிசுக்க வேண்டும். அதுதான் அளவு.

இஞ்சி பூண்டு விழுது ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பீர்கள். விழுதிலும் தண்ணீர் இருக்கிறது. தவிர, இஞ்சியில் இருக்கும் நொதி புரதத்தைக் கரைக்கும். ஆட்டுக்கறிக்கு அது நல்லது, இறாலில் ஊற வைத்தால் மாவாகிவிடும். எலுமிச்சையையும் இப்போது பிழியாதீர்கள், புளிப்பு பட்டாலே இறாலின் சதை வெளுத்து இறுக ஆரம்பிக்கும். பூண்டை மட்டும் துருவிச் சேர்த்தால் போதும்.

இன்னொரு சின்ன வித்தை. கால் தேக்கரண்டி ஆப்ப சோடாவையும் அரைத் தேக்கரண்டி உப்பையும் முதலில் இறாலில் பிசிறி, ஃப்ரிட்ஜில் 15 நிமிடம் வைத்துவிட்டு, அப்புறம் மற்றதைச் சேருங்கள். சோடா சதையிலிருந்து நீர் வெளியேறுவதைக் குறைக்கும், கடித்தால் நறுக்கென்று இருக்கும். சோடா கூடினால் சோப்பு வாடை வரும் என்பதால் கையளவுக்குப் போடாமல் கரண்டியால் அளந்து போடுங்கள். பட்டியலில் சொன்ன உப்பு இதுதான், மறுபடி போட வேண்டாம்.

எண்ணெய் இரண்டு தேக்கரண்டி அவசியம். எண்ணெயே இல்லாமல் செய்கிறேன் என்று கிளம்பினால் மிளகாய்த்தூள் காய்ந்து கருகி, காற்றில் பறந்து, வீடே தும்மும். எண்ணெயில் தூள்களைக் குழைத்து, கடைசியாக இறாலைப் போட்டுப் புரட்டினால் சமமாக ஒட்டும்.

கூடைக்குள் போகும் முன்

இறால் ஊறும் 15 நிமிடத்தில் சின்ன வெங்காயத்தை மெல்லிசாக வட்டம் வட்டமாக அரிந்து, அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பிசிறி வையுங்கள். பத்து நிமிடத்தில் காரம் அடங்கி, இளஞ்சிவப்பாகத் துவண்டுவிடும். இந்த வெங்காயம்தான் முழுத் தட்டையும் தூக்கி நிறுத்தப் போகிறது, அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். வெள்ளரியைச் சின்னச் சதுரமாக நறுக்கி, மிளகாய், கொத்தமல்லியைப் பொடியாக அரிந்து எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் போட்டுத் தயாராக வையுங்கள். பழத்தை மட்டும் தொடாதீர்கள்.

இயந்திரம் 1,500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி போடும் சின்ன பிளக்கில், அதுவும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருக வேண்டாம். ஃப்ரிட்ஜுக்கோ கீசருக்கோ இருக்கும் மாதிரி 16 ஆம்பியர் பிளக்தான் சரி. பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி வையுங்கள், அந்த வழியாகத்தான் சூடான காற்று வெளியே வரும்.

200 டிகிரி செல்சியஸில் மூன்று நிமிடம் காலிக் கூடையைச் சூடாக்குங்கள். காலி என்றால் காலிதான், பட்டர் பேப்பரைப் போட்டுவிட்டுச் சூடாக்கக் கூடாது. மேலே கனம் எதுவும் இல்லாத காகிதத்தை விசிறி தூக்கி, பழுத்துக் கிடக்கும் கம்பிச் சுருளில் ஒட்ட வைத்துவிடும்.

கறிவேப்பிலைக்கும் இதே கதைதான். ஒருநாள் இறால் மேல் அழகாகத் தூவி உள்ளே தள்ளினேன். இரண்டு நிமிடத்தில் கருகல் வாடை. கூடையை இழுத்துப் பார்த்தால் இறால் மேல் ஒரு இலை கூட இல்லை. அத்தனையும் மேலே பறந்துபோய்ச் சுருளில் ஒட்டிக் கரியாகிக்கொண்டிருந்தது. இப்போது இலையை எண்ணெயில் புரட்டிக் கூடையின் அடியில் போட்டு, அதன் மேல் இறாலை அடுக்குகிறேன். இறாலின் கனத்தில் இலை அசையாது, மொறுமொறுப்பாக வரும், வாசனையும் இறாலில் ஏறும்.

ஆறு நிமிடம்

சூடான கூடையில் இறாலை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஒரே வரிசையாகப் பரப்புங்கள். நாலு லிட்டர் கூடையில் 300 கிராம் தாராளமாகக் கொள்ளும். சின்னக் கூடை என்றால் இரண்டு தவணையாகப் போடுங்கள், குவித்துப் போட்டால் மேலே உள்ளது காயும், அடியில் உள்ளது அவியும்.

200 டிகிரி, ஆறு நிமிடம் என்று வைத்துவிட்டு அந்த நேரத்தில் பழத்தை எடுங்கள். நீளவாக்கில் கத்தியைச் சுற்றி ஓட்டி, இரண்டு பாதியையும் எதிரெதிராகத் திருகினால் பிரிந்துவிடும். கொட்டையில் கத்தியை ஓங்கிக் குத்தி எடுக்கும் வீடியோக்களைப் பார்த்து நீங்களும் இறங்காதீர்கள், கத்தி வழுக்கினால் உள்ளங்கைதான் மிச்சம். கரண்டியை அடியில் விட்டு நெம்பினால் கொட்டை வந்துவிடும். தோலுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, கரண்டியால் தோண்டி எடுத்தால் துண்டுகள் தயார். மீதி அரை மூடி எலுமிச்சையை உடனே அதன் மேல் பிழியுங்கள். வெங்காயம், வெள்ளரி இருக்கும் பாத்திரத்தில் போட்டு ஒரே ஒரு தடவை, அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். உப்பு சரிபாருங்கள், பட்டர் ஃப்ரூட் உப்பை நன்றாக விழுங்கும்.

நடுவில் மூன்றாவது நிமிடத்தில் கூடையை இழுத்துப் பாருங்கள். மேல்பக்கம் சிவந்திருக்கும், முதுகுக் கீறலின் உள்ளே மட்டும் இன்னும் சாம்பல் நிறம் தெரியும். அந்தச் சிவப்பு வெளியிலிருந்து வருவதல்ல, இறாலுக்குள்ளேயே இருப்பதுதான். பச்சை இறாலில் அஸ்டாஸாந்தின் என்ற நிறமியை ஒரு புரதம் கட்டிப்பிடித்து வைத்திருக்கும், அதனால் நீலம் கலந்த சாம்பலாகத் தெரிகிறது. சூட்டில் அந்தப் புரதம் விட்டுக்கொடுத்ததும் சிவப்பு வெளியே வருகிறது. இடுக்கியால் ஒவ்வொன்றையும் திருப்பிப் போடுங்கள். கூடையைக் குலுக்கினால் அடியில் இருக்கும் கறிவேப்பிலை விடுதலையாகிவிடும்.

ஐந்தாவது நிமிடத்தில் மறுபடி பாருங்கள். கடிகாரத்தை விட இறாலின் வளைவை நம்புங்கள். மூன்றாம் பிறை மாதிரி வளைந்து நின்றால் பதம். தலைப்பக்கமும் வாலும் தொட்டுக்கொண்டு மோதிரமாகச் சுருண்டால் கை மீறிவிட்டது. சந்தேகம் இருந்தால் இருப்பதிலேயே பெரிய இறாலைத் தடித்த இடத்தில் குறுக்கே வெட்டுங்கள். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியாமல், முத்து வெள்ளையாக இருக்க வேண்டும். 30 கவுண்டுக்கு ஆறு நிமிடம், 40 கவுண்டுக்கு ஐந்து, 60 என்றால் நாலு நிமிடம் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு குணம் உண்டு. உங்களுடையதில் முதல் தடவை நாலே நாலு இறாலைப் போட்டுப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், சமையல்காரர் கூலியாக அதை நின்றபடியே சாப்பிடுங்கள்.

பதம் வந்ததும் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். இயந்திரத்தை அணைத்துவிட்டு உள்ளேயே விட்டால் கூடையின் சூட்டில் வெந்துகொண்டே போகும்.

தட்டில்

அகலமான தட்டில் பழக் கலவையைப் பரப்பி, அதன் மேல் இறாலை அடுக்கி, மொறுமொறுத்த கறிவேப்பிலையை நொறுக்கிப் போட்டு, கடைசியாக வேர்க்கடலையைத் தூவுங்கள். கிளற வேண்டாம். கிளறினால் இறாலின் சூட்டில் பழம் இளகி, மசாலா கலந்து, சேறு மாதிரி ஆகும். தட்டில் மேலும் கீழுமாக இருந்து வாயில் கலந்தால்தான் நன்றாக இருக்கும். முதலில் சுடச்சுட இறால், அடுத்து பழத்தின் சில்லிப்பு, நடுவே வெங்காயத்தின் புளிப்பு.

இப்படியே சாப்பிடலாம். எங்கள் வீட்டில் வெறும் சாலட் என்றால் யாரும் தட்டை மதிப்பதில்லை. மெல்லிசாக ஊற்றிய ஒரு தோசையின் நடுவில் வைத்துச் சுருட்டித் தந்தால் காலியாகிவிடுகிறது. சப்பாத்திக்கும் பொருந்தும். சோற்றுக்குப் பொருந்தாது, முயற்சி செய்து பார்த்துவிட்டேன்.

மாங்காய் நாட்களில் எலுமிச்சையைப் பாதியாகக் குறைத்து, கிளிமூக்கு மாங்காயை நூலாகத் துருவிச் சேர்க்கலாம். தக்காளி சேர்ப்பதானால் விதையையும் நீரையும் நீக்கிவிட்டுச் சேருங்கள்.

இறாலுக்குப் பதில் கணவாய் போடலாம். வளையமாக நறுக்கி, இதே மசாலாவில் 200 டிகிரியில் நாலு நிமிடம், ஒரு வினாடி கூட அதிகம் வேண்டாம். வஞ்சிரம் துண்டுகள் என்றால் 180 டிகிரியில் எட்டு முதல் பத்து நிமிடம், பிறகு முள் நீக்கிப் பெரிய உதிராகப் பழத்தின் மேல் போடுங்கள். நெத்திலி அருமையாக மொறுமொறுக்கும், ஆனால் பட்டர் ஃப்ரூட்டோடு அது சேரவே சேராது. நண்டு சுவையில் பொருந்தும், உடைத்துச் சதை எடுக்கப் பொறுமை இருப்பவர்கள் செய்யட்டும்.

மிச்சம் மீதி

கலந்துவிட்ட தட்டை எடுத்து வைக்க முடியாது. மிஞ்சும் என்று தெரிந்தால் தட்டில் சேர்க்கும் முன்பே இறாலைத் தனியாக ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளைக்குள் முடித்துவிடுங்கள். திரும்பச் சூடாக்குவதை விடச் சில்லென்று சாப்பிடுவதே மேல். பாதிப் பழம் மிஞ்சினால் கொட்டையை எடுக்காமல், வெட்டிய பக்கம் எலுமிச்சை தடவி, காற்றுப் புகாமல் பாலித்தீன் தாளை அழுத்தி ஒட்டி வையுங்கள். மேலே கறுத்தால் ஒரு கரண்டியால் வழித்துவிட்டால் உள்ளே பச்சை இருக்கும். கொட்டையே கறுப்பதைத் தடுக்கும் என்று சொல்வார்கள். அது மூடியிருக்கும் இடத்தில் காற்றுப் படாது, அவ்வளவுதான்.

இப்போது அந்த இறால் தலைகள். மீசையைக் கத்தரித்துவிட்டு (இல்லாவிட்டால் அதுவும் பறக்கும்), ஓடுகளோடு சேர்த்து ஒரு தேக்கரண்டி எண்ணெயில் புரட்டி, அதே கழுவாத கூடையில் 180 டிகிரியில் எட்டு நிமிடம் வையுங்கள். வாசனை பக்கத்து வீடு வரை போகும். வறுபட்டதை இரண்டு டம்ளர் தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்க விட்டு, மத்தால் லேசாக மசித்து வடிகட்டினால் ஆரஞ்சு நிறத்தில் சாறு கிடைக்கும். இரவு ரசத்துக்கு அதுதான் தண்ணீர்.

அதற்கப்புறம் கூடையை உடனே கழுவிவிடுங்கள். சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் ஊற்றிக் கால் மணி நேரம் ஊறினால் மசாலா தானாக விட்டுவிடும், கம்பி நார் போட்டால் பூச்சு உரியும். மேலே இருக்கும் சுருளை, பிளக்கைப் பிடுங்கி நன்றாக ஆறிய பிறகு ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட ஒரு வாரத்தில் நான் அதே இயந்திரத்தில் கேக் செய்தேன். அத்தை ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "இறால் கேக்கா?" என்றார்.